அடைத்த வெடிப்பு

ஆணியால் சுரண்டச் சுரண்ட, சுவருக்குள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாய் ரெஜிபோம் கொட்டியது. பிலிப்பு ஒரு துண்டைப் பிடுங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். ரீவிப் பெட்டிக்குள் உடையாமல் வைத்து அனுப்புகிற சாமானுக்குக் கல்வீட்டுச் சுவருக்குள் என்ன வேலை?

பழைய வீடும், அதன் பக்கத்தில் கட்டிய புது மாடியும் சேருகிற இடத்தில், மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் நேராக ஒரு வெடிப்பு. இந்த மாரி மழைக்குத்தான் அது வாய் திறந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பழைய வீட்டு அறையில், மகள் ஜெசிதா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். தொட்டிலும் அங்கேதான்.

கடலில் எந்தக் காற்றுக்கும் பதறாத மனுசன், இந்தக் காணிக்குப் பயந்தார். குருநகர்க் கரையில் மண் போட்டு நிரப்பிய நிலம் அது. அத்திவாரம் வெட்டும்போதே தண்ணீர் ஊறி நின்றது.

"புது மாடி கொஞ்சம் தாழும் ஐயா, பயப்பிடாதேங்கோ. அது தன்ரை பாட்டிலை தாழட்டும்" என்று எஞ்சினியர் ஆரபி அன்றைக்கே சொல்லியிருந்தாள். சொல்லுவாள்தானே! அவளா இதற்குள் படுத்து எழும்பப் போகிறாள்?

பிலிப்பு, மாடியைக் கட்டித் தந்த மேசன் சீவரத்தினத்துக்குப் போன் எடுத்தார். "டேய், சீமெந்துக்குப் பதிலா ரெஜிபோமே வைச்சனி? கள்ளன்!"

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அது என்னெண்டால்..."

"கதையாதை!" போனை வெட்டினார்.

அன்று மத்தியானமே சட்டையைக் கழற்றிப்போட்டு இறங்கினார். ரெஜிபோமை ஒரு துண்டு விடாமல் கிண்டி எடுத்தார். இரண்டு சுவருக்கும் சேர்த்துக் கம்பி செருகி, சல்லியும் சீமெந்தும் குழைத்து இறுக்கி அடைத்தார். மனைவி சிசிலியா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ஒரு கிழமை எல்லாருக்கும் நல்ல நித்திரை.

எட்டாம் நாள், பூசைக்குப் போய்வந்து தேத்தண்ணி குடிக்கையில் டக்கென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெசிதாவின் அறைச் சுவரில், தொட்டிலுக்கு நேர் மேலே, சரிவாக ஒரு புது வெடிப்பு! பிலிப்பு ஆரபிக்குப் போன் எடுத்தார்.

ஆரபி அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். புது வெடிப்பை ஒருதரம் பார்த்தாள். பிறகு நேரே வெளியே போய், பிலிப்பு அடைத்த இடத்தைத் தடவினாள்.

"இதை ஆர் அடைச்சது?"

"நான்தான் பிள்ளை. மேசன் களவாய் ரெஜிபோம் வைச்சுப் பூசியிருந்தவன். முழுக்க எடுத்துப்போட்டு, கம்பியும் வைச்சு இறுக்கி விட்டனான். இனி ஆனை வந்தாலும் அசைக்கேலாது!"

ஆரபி தடவிய கையை வெடுக்கென்று எடுத்தாள். "முதல்லை அக்காவையும் குழந்தையையும் வெளியிலை கூட்டிக்கொண்டு வாங்கோ. கெதியா! புது மாடி தாழேக்கை பழைய வீட்டையும் சேர்த்து இழுக்குது."

சிசிலியா குழந்தையை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பின்னாலேயே ஜெசிதா, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

பிலிப்பு, தான் அடைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... அந்தக் கள்ள மேசன்...?"

"ரெண்டு வீடும் ஒட்டக்கூடாதெண்டு ரெஜிபோம் வைப்பிச்சது நான், ஐயா."