சங்குக்காரியின் முழங்கால்

"எதிரி கோபுரத்துக்குச் சிவப்புத் துணி காட்டினியா இல்லையா?" என்று கேட்டார் தளபதி.

"காட்டினேன்" என்றாள் சங்குக்காரி, கொஞ்சம்கூட அசராமல்.

பழைய பஸ் டிப்போதான் அரசவை. உலகம் எரிந்து முடிந்தபின் மிஞ்சியவர்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், அந்தப் பக்கம் ஒரு ராஜ்யம் என்று பிரித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு மனசே சரியில்லை. எதிரிக்குச் சைகை காட்டினால் மரண தண்டனை. ஆனால் இவளுக்குப் போய் எப்படிக் கொடுப்பது?

இப்போதெல்லாம் மழை பட்டால் தோல் வெந்துவிடும். பதினோரு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் அரை மணி முன்பே மில் சங்கை அலறவிட்டு, ஊரையே உள்ளே அனுப்பியவள் இவள். எப்படித் தெரியும் என்று கேட்டால், முழங்கால் வலிக்கும் என்பாள். அந்த முழங்காலுக்கு ராஜாவே பதக்கம் கொடுத்திருக்கிறார்.

"எதுக்கும்மா காட்டினே?" என்றார் ராஜா.

"நம்ம பக்கமா மேகம் வந்தா, புகை மூட்டத்துல அவங்களுக்குத் தெரியாது. அங்கேயும் பிள்ளைங்க இருக்காங்களே."

"ஒத்துக்கிட்டா பாருங்க மாமா" என்றார் தளபதி. ராணியின் தம்பி என்பதால் அவருக்கு ராஜா அவையிலும் மாமாதான். "இவ இரக்கப்படுறா. அவங்க நமக்கு என்னிக்காவது இரக்கப்பட்டிருக்காங்களா?"

அந்தக் கோபுரத்தில் எவன் தலை தெரிந்தாலும் சுடச் சொல்லிக் காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார்.

சங்குக்காரியின் முகம் முதல்முறையாக வெளுத்தது.

அப்போது ஒரு சிப்பாய் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"தளபதி, அந்தக் கோபுரத்துல ஒரு ஆளு ஏறிட்டான். நாங்க சுடச் சுட சிவப்புத் துணியை ஆட்டிக்கிட்டே நிக்கிறான். தோள்ல குண்டு பட்டும் இறங்க மாட்டேங்கிறான். பைத்தியம் போலிருக்கு."

ராஜா மெதுவாக எழுந்தார்.

"உன் முழங்கால் இப்ப வலிக்குதாம்மா?"

"என் முழங்கால் ஒருநாளும் வலிச்சதே இல்லை ராஜா" என்றாள் சங்குக்காரி, கட்டிய கைகளை அவர் முன் நீட்டி. "அவிழ்த்து விடுங்க, நான் சங்கு ஊதணும். அதுக்கு முன்னாடி சுடுறதை நிறுத்தச் சொல்லுங்க. நாம பார்த்துட்டோம்னு தெரியற வரைக்கும் அவர் இறங்க மாட்டார்."