மஞ்சள் விளக்கு

செல்லப் பிராணிகளிடம் ஆண்டுச் சம்மதம் கேட்க வந்த அதிகாரி, வேதகிரியின் ஓணான் தலையில் கருவியை வைத்தார். "இந்த மனுஷரோட இருக்க இஷ்டமா?"

பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து தவளைகளுக்கும் பச்சைதான். நாற்பது வருடமாக இந்த மாதிரிப் பிராணிகளையே உயிராக வளர்த்துவரும் வேதகிரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆமையிடம் மட்டும் மஞ்சள் எரிந்தது.

"யோசிக்குது சார். சிவப்பு வந்தா தூக்கிட்டுப் போயிடுவோம்," என்றார் அதிகாரி.

வேதகிரி பதறிப்போய் ஆமையை ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் வைத்தார். உடம்பு சூடேறியதும் பச்சை வந்தது.

"குளிர் ரத்தப் பிராணி பாருங்க. கொஞ்சம் வெயில் காட்டினா மனசு மாறிடும்," என்று வேதகிரி சிரித்தார்.

அதிகாரி கிளம்பும்போது வேதகிரியின் மனைவி புனிதவதி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "முப்பது வருஷமா நானும் இந்த வீட்லதான் இருக்கேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. வைங்க சார்."

வைத்தார். மஞ்சள் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

வேதகிரி மனைவியை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் தள்ள ஆரம்பித்தார்.