சோணிக் குதிரை

பெரிய குதிரைப் பந்தயத்துக்கு ஆபீஸே பெட் கட்டியது. யார் குதிரை கடைசியாக வருகிறதோ, அவர் வீட்டில் ஞாயிறன்று எல்லோருக்கும் டீ.

"அந்தச் சோணிக் குதிரை வேண்டாம் சார். போன வருஷமும் நீங்கதான் தோத்தீங்க," என்றாள் டைப்பிஸ்ட்.

"பரவாயில்லம்மா, அதையே எழுதிக்கோ," என்றார் ஸ்டோர்கீப்பர்.

டிவியில் ஓட்டம் முடிந்தது. சோணி முதலில் வந்திருந்தது.

"யோகம் அடிச்சிருச்சு சார். இந்த வருஷம் உங்களுக்கு டீ போடற வேலை மிச்சம்."

"ஆமாம்மா," என்று சிரித்து வைத்தார்.

மனைவி போனபின் அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தது, போன வருஷ டீக்கு மட்டும்தான். வீடு திரும்பியதும், காலையிலேயே கழுவிக் கவிழ்த்திருந்த பன்னிரண்டு கப்பில், பதினொன்றை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார்.