காலி நாற்காலி

அடி அண்ணாமலை கிராமத்தில் உச்சிவெயில் ஓலைப்பந்தலின் ஓட்டைகள் வழியே பிணத்தின் மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பெஞ்சில் கிடப்பது ஒப்பாரிக்காரி ஆதிலட்சுமியின் புருஷன். ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடி அழுதே தலை நரைத்தவள், தலைமாட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். புங்கமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவள் குரல்தான் அழுகிறது. போன மாதம் வெளிவந்த கேசட். சுற்றியிருக்கும் பெண்கள் அழுவதை விட்டுவிட்டு அதைக் கேட்கிறார்கள். மாலையோடு வந்த கேசட் கம்பெனிக்காரர் குனிந்து, "அடுத்த கேசட்டை மெதுவாப் பாத்துக்கலாம்மா" என்கிறார். அவள் நிமிராமல் சொல்கிறாள்: "பொணமில்லாம அழுதா வூட்டுக்கு ஆவாதுனு அன்னிக்கே சொன்னேங்க. மெட்ராஸ் ரெக்கார்டிங் ரூமுல காலி நாற்காலியப் போட்டு, இதான் உன் புருஷன்னு நெனச்சு அழும்மான்னீங்க. அழுதேன். இனிமே எந்தக் கேசட்டுக்கும் நான் வரலீங்க." மைக்செட்காரர் நசீர் அகமது ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்குகிறார். ஸ்பீக்கர் நிற்கிறது. பெண்கள் அவள் வாயையே பார்க்கிறார்கள். புருஷன் உதட்டில் உட்கார்ந்த ஈயை ஓட்டிவிட்டு, அவள் அழ வாய் திறக்கிறாள். நாற்காலிக்குச் சொல்லாத சொல் ஒன்றுகூட அவளிடம் மிச்சமில்லை.