கோந்து போதும்

"இன்னொரு தடவை இந்த பிரஷ்ஷைக் கையில எடுத்தீங்கன்னா, நேரா ஜன்னல் வழியாப் போயிடும், சொல்லிட்டேன்!"

"போகட்டும். பின்னாலயே நானும் போறேன். இப்ப வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு."

மகன் தள்ளி நின்றான். அப்பாவின் எதிரில் விரித்த பழைய செய்தித்தாளில் ஷேவிங் பிரஷ் இரண்டாகக் கிடந்தது. ஒரு பக்கம் மரக் கைப்பிடி. இன்னொரு பக்கம் அதிலிருந்து கழன்று வந்த முடிக்கட்டு. எத்தனையாவது முறை கழன்றது என்று அந்த வீட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை.

பக்கவாதம் வந்து எழுந்தவர் அப்பா. இடது கை தப்பித்தது. வலது கை இன்னும் முரண்டு பிடிக்கிறது. விரல்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும் என்று டாக்டர் பயமுறுத்தி, அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்.

"நான் என்ன கைக்குழந்தையா?" என்று அன்றைக்கே அதை எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார் அப்பா.

மகன் ஆசையாக வாங்கி வந்த எலக்ட்ரிக் ஷேவர், பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் தூங்குகிறது. இவரோ கைப்பிடிக் குழியில் காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டி, முடிக்கட்டின் அடியில் நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றிக்கொண்டிருந்தார். நூல் நழுவியது. திட்டினார். மறுபடி சுற்றினார்.

கடைசியில் அவர் எடுத்த பாட்டிலைப் பார்த்ததும் மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் ஒட்டுகிற கோந்து!

"காலம் பூரா பட்டறையில ஃபிட்டரா இருந்தவருக்கு, ஊறினா கோந்து விட்டுடும்னு கூடவா தெரியாது?"

"என் மூஞ்சி. என் பிரஷ். என் கோந்து. உனக்கு எங்க வலிக்குது?"

"அம்மா, நீயாவது சொல்லேன்!"

சமையலறை வாசலில் நின்ற அம்மா, வீங்கிய விரல் முட்டிகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "நான் சொல்லி எதைக் கேட்டிருக்கார், இதைக் கேட்க?" என்று உள்ளே போய்விட்டாள்.

இது வீம்பு. கலப்படமில்லாத வீம்பு. மகன் முடிவு செய்துவிட்டான். இரும்பையே ஒட்டும் பசை ஒன்று வாங்கி வந்தான். அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து முடிக்கட்டைப் பிடுங்கினான், குழியைத் துடைத்தான், பசையை நிரப்பி அழுத்தி வைத்தான். கோந்து பாட்டிலைக் குப்பையில் போட்டான். ஒழிந்தது தொல்லை.

உண்மையிலேயே ஒழிந்தது. பிரஷ் அசையவில்லை. செய்தித்தாள் விரிக்கப்படவில்லை. காலையில் இடது கையால் ஷேவ் செய்துகொண்டதும், அப்பா வலது கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். திட்டு இல்லை, சத்தம் இல்லை. தானாகச் சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்திருந்தவருக்கு, மறுபடி அம்மா போட்டுவிட்டாள். அதுகூட மகன் கண்ணில் படவில்லை. வீடு நிம்மதியானதாகத்தான் அவன் நினைத்தான்.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனவன், சமையலறை வாசலிலேயே நின்றான். அம்மா அந்த பிரஷ்ஷை வெந்நீரிலிருந்து எடுத்து, துணியால் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! என்ன பண்றே?"

அவள் ஒளிக்கவில்லை. முறைத்தாள்.

"பிய்க்கிறேன். எப்பவும் நான்தான் பிய்க்கிறேன். இப்ப என்னங்கிறே? பந்தைக் கொடுத்தா வீசுறார். பிஞ்ச பிரஷ்ஷைக் கண்டா மட்டும் உட்கார்ந்து பொழுது பூரா விரலை ஆட்டுறார். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துட்டிருந்துச்சு. பெரிய கெட்டிக்காரனாட்டம் ஒட்டித் தொலைச்சிட்டியே!"



அம்மாவின் குரல் இறங்கியது. "முதல்ல எல்லாம் அவர் ஒட்டினா கல்லு மாதிரி நிக்கும். இழுத்து இழுத்து ராத்திரியெல்லாம் விரல் வலிக்கும். அப்புறம், நீ கை வைக்கிறவரைக்கும், வெந்நீர்ல போட்டாலே வந்துட்டிருந்துச்சு. பாவம், வேலையே மறந்துபோச்சு போல. அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே."

அவமானமாக இருந்தது அவனுக்கு. பிரஷ்ஷை வாங்கினான். குறடு எடுத்து, கைப்பிடியின் விளிம்பு சிதறச் சிதறத் தானே பிய்த்தான். துண்டுகளைக் கொண்டுபோய் அப்பாவின் முன் வைத்து, செய்தித்தாளையும் அவனே விரித்தான்.

"அப்பா, மறுபடி கழண்டுடுச்சு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சிதறிய விளிம்பைத் தடவிப் பார்த்தார். குறடு பட்ட தடம் ஃபிட்டர் கண்ணுக்குத் தப்புமா?  வலது கை நூலைத் தேடியது.

"என் கோந்து எங்கடா?"

"தூக்கிப் போட்டுட்டேன்ப்பா. இப்போதைக்கு இதுதான் இருக்கு." இரும்புப் பசையை நீட்டினான்.

அதைப் பிடுங்கினார். பிடுங்கின வேகத்தில் அது ஜன்னல் வழியே பறந்தது.

"போய் கோந்து வாங்கிட்டு வா!"

"இல்லப்பா... கோந்து நிக்காதேன்னு..."

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? கெட்டிப் பசை போட்டா, பிய்க்கிறதுக்குள்ள உங்கம்மாவுக்கு விரல் வீங்கிடுதுடா!"