மாஸ்டர் முன்னிலையில்

“விடுங்கம்மா, உளியை விட்டுடுங்க.”

டீச்சர் விடவில்லை. மரக்கட்டைதான் விட்டுக்கொடுத்தது. கடைசல் மெஷினிலிருந்து கழன்று எகிறி, கூரைத் தகரத்தில் ‘டங்’கென்று மோதி, மாஸ்டரின் காலடியில் வந்து விழுந்தது. காலையிலிருந்து இது இரண்டாவது.

“மணி என்ன மாஸ்டர்?”

“பதினொண்ணு பத்து.”

“அப்போ இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. அடுத்த கட்டையை எடுங்க.”

அறுநூறு பிள்ளைகளை ஒற்றை விசிலில் உட்கார வைக்கிற டீச்சர், போன வாரம் நாத்தனாரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். “பம்பரம் விடறது என்ன பெரிய வித்தை, நானே கடைஞ்சு விடுவேன்” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, நாத்தனார் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

“கடையில வாங்கினது செல்லாது அண்ணி. வீடியோ பார்த்து நீங்களா செஞ்சதும் செல்லாது. ஒரு மாஸ்டர் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கணும். அவர் வாயாலயே பாஸ்னு சொல்லணும். அறுபது எண்ணுற வரைக்கும் பம்பரம் நிக்கணும். சனிக்கிழமை பன்னெண்டு மணி, அதுதான் கெடு.”

நின்றுவிட்டால், லீவு முடிகிற வரை நாத்தனார் குடும்பம் சின்ன அண்ணன் வீட்டில். விழுந்துவிட்டால், டீச்சர் வீட்டில். டீச்சர் வீட்டில் இரண்டே அறை, ஒரே குளியலறை. வருகிறவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவன் டிரம்ஸ் பழகுகிறான்.

அந்த டிரம்ஸ் சத்தம் காதில் ஒலிக்க ஒலிக்கத்தான், காலை பத்து மணிக்குப் பட்டறைக்குள் புயலாக நுழைந்தாள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல் வாசலைப் பார்த்தபடி மெஷின் ஓரமாக ஒருவர் நின்றிருந்தார்.

“மாஸ்டர் நீங்கதானே?”

“ஆமா, மாஸ்டர்தான். ஆனா…”

“ஆனா ஆவன்னாவெல்லாம் நான் பள்ளிக்கூடத்துல பார்த்துக்கறேன். நீங்க பம்பரத்தைச் சொல்லிக்கொடுங்க.”

அறிமுகம் அவ்வளவுதான். டீச்சரிடம் முழு வாக்கியம் பேசி முடித்தவர்கள் ஊரில் குறைவு.

ஒரு வாரமாக வீடியோ பார்த்ததில் கட்டையை மாட்டவும், சுவிட்சைப் போடவும், உளியைப் பிடிக்கவும் டீச்சருக்குத் தெரிந்திருந்தது. உருவம்தான் கைக்கு வரவில்லை. முதல் கட்டை கத்தரிக்காயாகிப் பறந்தது. இரண்டாவது எதுவாக ஆவதென்று முடிவெடுப்பதற்குள் பறந்தது.

மூன்றாவது கட்டை சுழன்றது. மாஸ்டர் முதலில் டீச்சரின் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொன்னார். “மெஷின் இழுத்துடும்மா. நல்ல துணி, பாழாயிடும்.” பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையை உற்றுப் பார்த்தார். உருவம் என்று வந்துவிட்டால் மனிதர் புலி.

“இடுப்பு பெருசா இருக்கு. ரெண்டு நூல் உள்ள வாங்குங்க.”

டீச்சர் வாங்கினாள். மரச்சீவல் சுருள் சுருளாகக் கிளம்பி அவள் தலையில் பூப்பூவாக உட்கார்ந்தது.

“கழுத்தைக் கொஞ்சம் இறக்குங்க. போதும், போதும். தோள்ல மேடு பள்ளம் தெரியக்கூடாது, வழவழன்னு இறங்கி வரணும்.”

மெஷின் ஓட ஓட, அவருடைய வலது கால் தரையை மிதித்து மிதித்துத் தாளம் போட்டது.

“எத்தனை வருஷமா இந்தத் தொழில் மாஸ்டர்?”

“முப்பத்திரண்டு வருஷம்மா. நான் சொன்ன அளவு இதுவரைக்கும் தப்பினதில்லை.”

தப்பவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு மெஷின் நின்றபோது, டீச்சரின் உள்ளங்கையில் இருந்தது அசல் பம்பரம். கடைக்காரன்கூட ஏமாந்துபோவான். ஆணியை அடித்து, கயிற்றைச் சுற்றி, நாத்தனாருக்கு வீடியோ கால் போட்டாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைச் சுண்டினாள்.

பம்பரம் தரையில் இறங்கி, ஒரு தடவை தள்ளாடி, சுதாரித்து, அசையாமல் நின்று சுழன்றது. போனுக்குள் நாத்தனார் வீட்டுப் பட்டாளம் மொத்தமும் எண்ணியது. நாற்பதில் எண்ணுகிற குரல்கள் தளர்ந்தன. ஐம்பத்தைந்தில் டிரம்ஸ்காரன் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தான். அறுபத்து நான்கில் பம்பரம் சாய்ந்து படுத்தது.

டீச்சர் இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். நிறுத்த முடியாமல் இன்னொரு சுற்று. மாஸ்டருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, அவரும் ஒரு சுற்று.

“மாஸ்டர் எங்க அண்ணி? அவர் மூஞ்சியைக் காட்டுங்க” என்றாள் நாத்தனார். லேசில் விடுகிறவள் இல்லை.

மாஸ்டர் காதுப் பென்சிலைச் சரிசெய்துகொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நீங்க நிஜமா மாஸ்டர்தானா?”

“முப்பத்திரண்டு வருஷமா ஊரே அப்படித்தாம்மா கூப்பிடுது. நான் பக்கத்துல நின்னுதான் சொல்லிக்கொடுத்தேன். உங்க அண்ணி பாஸ்.”

நாத்தனார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். “சரி. மாஸ்டரே சொன்ன பிறகு பேச்சு ஏது? பெட்டியெல்லாம் சின்ன அண்ணன் வீட்டுக்கே போகட்டும்.”

டீச்சருக்குத் தலை கிறுகிறுத்தது. சுற்றிய சுற்றா, சந்தோஷமா என்று தெரியவில்லை. போனை அணைக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டி, மரத்தூள் படிந்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, கடைசல் மெஷின் முன்னால் போய் உரிமையோடு நின்றார். தரையில் கிடந்த சீவலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு, போனில் பதினோரு பேரும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்:

“என்ன மாஸ்டர், என் பேன்ட்டைத் தைச்சாச்சா?”