எல்லாருக்கும் ஒரே சட்டம்

"கங்காணி ஐயா, அடிவயிறு சுருட்டிப் புடிக்குது. காம்பராவுக்குப் போயிக் கொஞ்சம் படுத்துட்டு வந்துடறேன்."

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பாதி குனிந்தபடி கேட்டாள் ஷாமலா. மாதவிலக்கின் முதல் நாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மத்தியாஸ் கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஹுன்னஸ்கிரிய மலையில் இந்த வலியைப் பற்றி அவரளவுக்குப் பேசக்கூடியவர் யாரும் கிடையாது. அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை அல்லவா!

"போன மாசமும் இதே கதைதான். ஒன் வலி என்ன, மாசச் சம்பளத்துக்கு வேலை பாக்குதா?"

யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த றேணுகாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் வெந்நீரைப் போத்தல்ல ஊத்தி, துணியச் சுத்தி அடிவயித்துல வையி புள்ள. இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ குடி. மாசாமாசம் இப்பிடித் துடிச்சா மிட்வைஃப் மிஸ்கிட்டச் சொல்லு, சும்மா வுடாத."

"அடடா, டொக்டரம்மா! இங்கேயே ஒரு வார்டு தொறந்துருவமா?" என்றார் கங்காணி. "எனக்கு வேண்டியவ, வேண்டாதவன்னு கிடையாது. இன்னைக்கு ஒருத்திய அனுப்புனா, நாளைக்கு இருவது பேரும் வயித்தப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்க. ம், பறிங்க!"

தன் நேர்மை தனக்கே பிடித்துப்போக, விசிலடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

ஷாமலா பல்லைக் கடித்துக்கொண்டு பறித்தாள். இரண்டு தடவை செடிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தடவையும் மலை முழுக்கக் கேட்கும்படி அவள் பெயரைச் சொல்லி எழுப்பினார். ஒரு குறையும் வைக்கவில்லை, மகராசன்.

பொழுது சாய, கொழுந்து நிறுத்து முடித்துக் கங்காணி வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு இறங்கி வந்தார். ஷாமலாவின் காம்பரா வாசலில் றேணுகா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நகரு, உள்ள போகணும்."

"ஆகாது. இப்பத்தான் வெந்நீர்ப் போத்தலைக் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கண்ணசந்திருக்கா."

"பசி உசிரு போகுது றேணுகா!"

"அதுக்கு அவ என்ன செய்ய? தேங்கா அங்க இருக்கு, துருவுற பலகை அந்தா இருக்கு, நீங்களே ஆக்கிக்கங்க."

கங்காணிக்கு மூக்கு விடைத்தது. "என் வீட்டுக்குள்ள போக நான் ஒங்கிட்டக் கேக்கணுமா?"

"தாராளமாக் கேளுங்க. ஆனா விடமாட்டேன். கட்டுன புருஷங்கிட்டக் கேட்டவளுக்கே கெடைக்கலியே!"